மழையில் காயாத மல்லாட்டை

கண்ணு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். உன் அப்பாவும் அப்படித்தான். உங்கள் வம்சத்தில் சரி என்ற சொல்லைக் காதை மூடிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுதுவதோடு நிற்காமல், உணவுப் பாதுகாப்பைப் பற்றி நான் அவ்வப்போது கட்டுரை அனுப்பும் பத்திரிகைக்கும் இதில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை அம்மா தெருவுக்குக் கொண்டுவருகிறாள் என்று உனக்குக் கோபம் வரும். இது வீட்டு விஷயம் இல்லை. படித்துக்கொண்டே வா, உனக்கே தெரியும்.

போன வாரம் நீ என்னிடம் இரண்டு காகிதம் கேட்டாய். வேளாண்மை, உணவு ஆராய்ச்சிக்கு அரசு போட்டி வைத்துக் கொடுக்கும் நிதிக்கு நீ மூன்றாவது முறையாக விண்ணப்பித்து, இந்த முறைதான் நேர்முகம் வரை வந்திருக்கிறாய். அடுத்த வாரம் டெல்லியில் நிபுணர் குழு முன்னால் நின்று பேச வேண்டும். கிடைத்தால் உன் ஒப்பந்த வேலை நீளும், கிடைக்காவிட்டால் சித்திரையோடு முடிந்துவிடும். எனக்குத் தெரியாமல் இல்லை. நீ கேட்ட முதல் காகிதம், நான் கல்லூரியில் உணவு அறிவியல் துறையில் இருந்தபோது செய்த மல்லாட்டை உலர்த்தும் திட்டத்தின் இறுதி அறிக்கை. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) உன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், "இத்தொழில்நுட்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏற்கெனவே வெற்றிகரமாக நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறாய். இரண்டாவது காகிதம், கீழ்பென்னாத்தூர் ஏழுமலையின் சம்மதக் கடிதம். அன்றைக்கு எங்கள் சோதனைக்கு நிலம் கொடுத்த விவசாயி உனக்கும் கொடுக்கிறேன் என்று எழுதித் தர வேண்டும். "உனக்குத் தெரிஞ்சவர்தானேம்மா, ஒரு கையெழுத்து, அவ்ளோதான்" என்றாய்.

அவ்ளோதானாம்! அந்த ஒரு சொல்லுக்காக உன்னை இரண்டு நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தச் சொல்லை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பது உறைத்தது.

இந்த நிதி விவகாரத்தில் நான் பட்ட பாட்டை நீ அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறாய். சாப்பாட்டு மேசை முழுக்க விண்ணப்பத் தாள் கிடக்கும், நீ தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாய், அது உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் வருஷம் "புதுமை போதவில்லை" என்று திருப்பினார்கள். சரி என்று அடுத்த வருஷம் புதுமையைக் கூட்டி எழுதினேன். "சாத்தியம் என்பதற்கு முன்சான்று இல்லை" என்றார்கள். புதிதாகவும் இருக்க வேண்டுமாம், முன்னாலேயே யாராவது செய்துபார்த்தும் இருக்க வேண்டுமாம். குழந்தை பெற்றவளாகவும் இருக்க வேண்டும், கன்னியாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி. நடுவில் ஒரு வருஷம் பதிலே இல்லை, கிணற்றில் போட்ட கல். படிவத்தில் ஏழுமலை மாதிரி ஆட்களுக்கு ஒரு கட்டம் உண்டு, "இலக்குப் பயனாளிகள்" என்று. எத்தனை பேர் என்று எண் போட்டால் போதும். அவர் என்ன பயிர் எப்போது போடுகிறார் என்று எழுத இடம் கிடையாது.

ஒருமுறை கடைசித் தேதி பௌர்ணமி அன்று வந்து தொலைத்தது. டெல்லியில் உட்கார்ந்து தேதி குறிக்கிறவருக்கு நம் ஊர்ப் பௌர்ணமி என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோவை விடவில்லை, கிரிவலப் பாதை முழுக்க ஜனம். உன் அப்பா தன் ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு நடந்தார். வழியில் யாரோ ஒரு ஆள் ஒதுங்கி வழி விட்டு, "இன்னா சாமி, வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, பொண்டாட்டி வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு இவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த விண்ணப்பமும் திரும்பித்தான் வந்தது. அதை மட்டும் நான் இரண்டு நாள் அவரிடம் சொல்லவே இல்லை.

கடைசியில் டெல்லிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் போய், ஐந்து நிமிஷம் பேசினேன். மல்லாட்டை சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணம் விடும் நச்சு கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது, குழந்தைகள் தின்னும் கடலை மிட்டாய் வரைக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிரில் டீயோடு வறுத்த கடலை வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் அதை வாயில் போட்டு மென்றபடி, "இது தேசிய முக்கியத்துவம் உள்ள பிரச்சினையா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். "முக்கியம்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். திட்டம் கிடைத்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் கிடைத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் உன் அம்மா பாவம் என்று தோன்றுகிறது அல்லவா? இனிமேல் கவனமாகப் படி.

நான் எழுதிக் கொடுத்த திட்டம் மழைக்காலப் பயிருக்கானது. நம் பக்கம் மானாவாரி மல்லாட்டையை ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்குவார்கள். பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். காய் களத்தில் ஈரத்தோடு கிடக்கும், பூசணம் வருவது அப்போதுதான். அந்தக் காயை பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, உள்ளே வலைத் தட்டுகளில் பரப்பிக் காயவைக்க முடியுமா என்பதுதான் கேள்வியே. பணம் ஆடிக்கு முன்னால் வர வேண்டியது. வந்தது கார்த்திகை தீபத்து வாரம். ஐப்பசிக் காயெல்லாம் மூட்டை ஏறி விற்பனைக் கமிட்டிக்குப் போய்விட்டது. அடுத்த ஐப்பசி வரை காத்திருக்கட்டுமா என்று கடிதம் போட்டேன். மார்ச் முடிவதற்குள் செலவு செய்து சான்றிதழ் அனுப்ப வேண்டும், முடிவும் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் ரத்து என்று பதில் வந்தது. என்னை நம்பி இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். துறைத் தலைவர், "எந்தப் பட்டமா இருந்தா இன்னாம்மா, கடலை கடலைதானே?" என்றார். கிணற்றுப் பாசனம் உள்ள ஏழுமலை மார்கழிப் பட்டத்துக்கு விதைத்தார். பங்குனியில் பிடுங்கினோம். பங்குனி வெயிலில் நம் ஊரில் கூடாரம் எதற்கு? கோயில் மதில் மேல் போட்டால்கூட மல்லாட்டை காயும். எங்கள் கூடாரத்திலும் அருமையாகக் காய்ந்தது. பூசணம் மருந்துக்குக்கூட இல்லை.

இதில் தவறு யாருடையது என்று கேட்டால், பணத்தைப் பருவம் தப்பி அனுப்பியவர்களுடையது என்று மூச்சு விடாமல் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அறிக்கையை எழுதியது அவர்கள் இல்லை. முதலில் "மார்கழிப் பட்டத்தில், வறண்ட வானிலையில்" என்றுதான் எழுதியிருந்தேன். அப்படி அனுப்பினால் கேள்வி வரும், நோக்கம் நிறைவேறவில்லை என்பார்கள், அடுத்த திட்டம் கிடைக்காது. அந்த நான்கு சொல்லையும் அடித்தேன். அடித்த பிறகு வாக்கியம் இன்னும் நன்றாக இருந்தது. "வேர்க்கடலை அறுவடையில் இம்முறை பூசணத்தை முற்றிலும் தவிர்க்கிறது." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் ஒரு பருவத்தையே மறைத்தேன். பொய் என்று ஒரு வரிகூட அதில் காட்ட முடியாது. நம் தொழிலில் செய்யும் திருட்டு இப்படித்தான் இருக்கும், பூட்டு உடையாது.

ஒரே ஒருவர் கண்டுபிடித்தார். உன் அப்பா. பிரதி எடுக்கும்போது அங்கேயே நின்று படித்துவிட்டு, "இது வெயில் காலத்துல செஞ்சதுதானே? அது எங்கயும் காணோமே?" என்றார். நான், "உங்க வேலை ஸ்பைரல் போடறது, அதைப் போடுங்க" என்றேன். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் போட்டுக் கொடுத்தார். நேற்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அறிக்கையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. அதை வீடு வீடாகக் கொடுத்தோம். ஏழுமலை அதற்கு அடுத்த ஐப்பசியில் தன் மானாவாரிக் காய் முழுவதையும், விதைக்கு எடுத்துவைத்ததையும் சேர்த்து, கூடாரத்துக்குள் பரப்பினார். ஒன்பது நாள் விடாத மழை. கூடாரத்துக்குள் வெயில் ஏது? காய் விட்ட ஈரம் பிளாஸ்டிக்கில் வியர்த்து மறுபடி காய் மேலேயே சொட்டியது. மொத்தமும் பச்சைப் பூசணம். கமிட்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விதையும் போனதால் அடுத்த ஆடியில் நிலம் சும்மா கிடந்தது. இதெல்லாம் எனக்கு அப்போதே காதுக்கு வந்தது. "கூடாரத்தைச் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்" என்று மாணவிகளிடம் சொன்னேன். சொல்லும்போதே அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியரைச் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தவர் ஏழுமலை. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். "இங்க எப்படி?" என்றேன். "சும்மாதாம்மா, ஒரு மாறுதலுக்கு" என்றார். சொந்த நிலம் உள்ளவர் செங்கம் ரோட்டில் கேட் திறக்கிறார், மாறுதலுக்காம். நான் பேராசிரியரின் பெட்டியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். திரும்பும்போது வேறு வழியாக வெளியே வந்தேன். உன்னிடம் எத்தனையோ முறை, பெரியவர்களைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது சொல்லு, அந்த மனிதரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது அவ்ளோதானா?

ஆனாலும் போனேன். உனக்காகத்தான். முந்தாநாள் காலை பஸ்ஸில் போனேன். இரண்டு வருஷம் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு அவர் மறுபடி விவசாயத்துக்கே வந்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க, இன்னா திடீர்னு?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி கன்னியம்மா மோர் கொண்டுவந்தாள். காகிதத்தை எடுத்தேன். உன் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கேட்டார்.

"படிச்சுட்டுப் போடுங்க ஏழுமலை."

"நீங்க எழுதினதை நான் இன்னாம்மா படிக்கறது? தம்பி நம்ம புள்ள. ஆனா ஒண்ணு, இந்த தபா தம்பியைக் கூடவே இருந்து காட்டச் சொல்லுங்க. போன தபா நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன். ஜாஸ்தி கொட்டிட்டனா, கூடாரத்தைச் சரியா கட்டலையா, ஒண்ணும் புரியல. நீங்க செஞ்சப்ப எவ்ளோ நல்லா காஞ்சுது! என் கைக்குத்தான் வரல."

"அதையேதாம்மா சொல்லினு இருப்பாரு," என்றாள் கன்னியம்மா. "நானும் எத்தினி நாள் திட்டியிருப்பேன், மேடம் சொன்னதை ஒழுங்கா காதுல வாங்காம வந்துட்டியேன்னு."

கண்ணு, மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்த தப்பை அந்த மனிதர் ஏழு வருஷமாகத் தன் தப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

"தப்பு உங்க கையில இல்ல," என்றேன். "நாங்க செஞ்சது பங்குனி வெயில்ல. மழையில எங்கயுமே செஞ்சு பாக்கல. பாக்காமலே எழுதிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். கன்னியம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப இத்தினி வருஷமா இந்த மனுஷன் சும்மாவே என்கிட்ட திட்டு வாங்கினு இருந்தாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் எழுதினீங்களாம்மா?" என்றார் ஏழுமலை.

"தெரிஞ்சுதான்."

"கேட்டாண்ட பாத்தப்பவே சொல்லியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காகிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே வந்தார். "தம்பியை வரச் சொல்லுங்க. பணம் எப்ப வந்தாலும் சரி. ஐப்பசியில, மழை ஊத்தும்போது, என் களத்துலயே வெச்சுக் காய வெச்சு காட்டட்டும். காஞ்சா நான் கையெழுத்து போடறேன். காயலைன்னாலும் போடறேன், காயலைன்னு எழுதினா."

நான் எத்தனையோ நிபுணர் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சரியான நிபந்தனையை எந்தக் குழுவும் எனக்குப் போட்டதில்லை.

ஆகவே, மகனே, ஏழுமலையின் கையெழுத்து உனக்கு வராது. அறிக்கையும் வராது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு நிதி கொடுத்த, இப்போது உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கும் அதே அலுவலகத்துக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பட்டத்தில் செய்தோம், எந்தச் சொல்லை ஏன் அடித்தேன், ஒரு விவசாயிக்கு என்ன ஆனது, எல்லாம் இருக்கிறது. முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பா பிரதி எடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்குது" என்றார். நான் அழுதேன், அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

உன் வேலை போகும் என்று தெரிந்தும் எந்த அம்மாவாவது இப்படிச் செய்வாளா என்று நீ கேட்கலாம். கேள். உன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம் என் பொய்யின் மேல் நிற்கிறது. அது தெரிந்து நான் சும்மா இருந்தால், அடுத்த ஐப்பசியில் உன் பெயர் போட்ட துண்டுப் பிரசுரத்தை வாங்கி இன்னொருவர் தன் விதைக்காயைக் கூடாரத்தில் கொட்டுவார். நீயும் ஏதாவது ஒரு கேட்டைப் பார்த்து வேறு வழியாகப் போகக் கற்றுக்கொள்வாய். உனக்கு அந்த நடை வேண்டாம். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏழு வருஷம் நடந்திருக்கிறேன்.

என் மேல் கோபமாக இரு, பரவாயில்லை. பேசாமல்கூட இரு, கொஞ்ச நாள் தாங்குவேன். ஆனால் மூன்றாம் பக்கத்தை இன்றைக்கே திருத்து. பணம் தருகிறவர்களின் காலண்டரில் ஆடி கிடையாது என்பதையும் அதே பக்கத்தில் எழுது. பருவம் தப்பிப் பணம் வந்தால் அடுத்த மழை வரை காத்திருப்பேன், வெயிலில் செய்து காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடு. ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறாயா? எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. ஒரு தடவை கேட்டு, முடியாது என்றதும், உள்ளதை எழுதி அனுப்பிப் பார்க்காமலே அந்த நான்கு சொல்லை அடித்துவிட்டேன்.

நீ டெல்லியில் எழுந்து நிற்கும்போது என் கடிதம் அவர்கள் மேசையில் இருக்கும். யாராவது ஒருவர் அதைத் தூக்கிக் காட்டி, "நீங்கள் ஆதாரமாகக் காட்டும் முடிவே தவறு என்று உங்கள் அம்மாவே எழுதியிருக்கிறாரே?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அப்போது, "ஆமாம், அந்தத் தவறு எங்கள் வீட்டில்தான் நடந்தது, அதை மழையில் சரிபார்க்கத்தான் பணம் கேட்கிறேன்" என்று சொல்ல உனக்கு வாய் வருமானால் ரயில் ஏறு. வராதென்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வா.

அம்மா